ஹாரன் அக்காவின் கதையில் எல்லா வழியும் லட்டுக்கே

சிலாங்கூர்க் கரையில் ஜெராமிலிருந்து சுங்கை ஆயர் தாவார் வரை தேடிப் பாருங்கள். கம்ப்யூட்டரைப் பார்த்து "சாப்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டு வேலை கொடுத்த ஆள் ஒருவர்தான் கிடைப்பார். ஹாரன் அக்கா.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஐ.சி. அடையாள அட்டையில் இருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அக்கா வேன் ஓட்டினார். ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களை வாசலில் ஏற்றி, கோல சிலாங்கூர் பட்டணத்தில் இறக்கி, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடும் வேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஹாரன் வைத்திருந்தார். ஒரு வீட்டுக்கு நீட்டி. ஒரு வீட்டுக்கு வெட்டி வெட்டி. காது கேட்காத கிழவர் வீட்டுக்கு மட்டும் சன்னல் அதிரும்வரை. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்தச் சத்தம் பிடித்துப்போய்ச் சும்மா இருந்திருக்கிறார்.

வேனுக்குள் அக்காவின் சட்டம். கெட்ட வார்த்தை பேசலாம், கெட்ட சொல் கூடாது. 'செத்தேன்' கூடாது. 'வெட்டு' கூடாது. இறங்கும்போது 'போறேன்' கூடவே கூடாது. 'வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். தவறிச் சொன்னால் ஆளை மறுபடி ஏற்றுவார். கதவைச் சாத்துவார். திறப்பார். "இப்பச் சொல்லு" என்பார்.

ஒருமுறை அந்தக் கிழவர் களைப்பில் "போறேன் தாயி" என்றுவிட்டார். ஏற்றி இறக்கினார் அக்கா.

"ஒன் வேன்ல வந்தா நோவுல போக மாட்டேன்லா. ஏறி எறங்கியே போயிருவேன்" என்றார் கிழவர்.

"போயிருவேனா? ஏறு மறுபடி."

அன்று கிழவர் வீட்டுக்குள் போக மத்தியானம் ஆகிவிட்டது.

அக்கா ஏன் இப்படி என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். அக்காவின் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். காலில் வந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போகத்தான் அக்கா முதலில் வேன் ஓட்டக் கற்றுக்கொண்டார். அவர் இல்லாமல் போன பிறகும் வேன் நிற்கவில்லை. "அவருக்கு அப்படி ஆன பெறகு" என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் வாக்கியம் போகாது. ஹாரன் அடிப்பார்.

இனி என் சங்கதி. கொஞ்சம்தான்.

நான் லோரி ஓட்டுகிறவன். செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோவேன். பேர் மணியம். பேச்சு குறைவு. படிப்பு அதைவிடக் குறைவு. எனக்கும் இனிப்பு நீர் உண்டு. அந்த வருஷம் வலது கால் பெருவிரலில் செம்பனை முள் ஏறியது. பிடுங்கிப் போட்டேன். புண் ஆறவில்லை. துணி சுற்றினேன். ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். வலது கால்தான் பிரேக். கால் போனால் லோரி போச்சு. லோரி போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய செருப்பாக வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

எங்களுக்கு உட்காரும் இடம் அந்தோணியின் தேத்தண்ணிக் கடை. ஜெராம் ரோட்டோரம். கடைக்கு முன்னால் ஒரு கெடொண்டோங் மரம். அதன் நிழல் அக்காவின் வேனுக்கு. வேறு யார் நிறுத்தினாலும் ஹாரன் அடித்தே கிளப்பிவிடுவார்.

ஒரு நாள் கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தர் வந்து, காலைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அச்சடித்த தாள் கொடுத்துவிட்டுப் போனார். அழகான தாள். அந்தோணி அதில் பீசாங் கோரேங் மடித்துக் கொடுத்தார்.

அக்கா தன் பொரித்த வாழைப்பழத்தைப் பிரித்தார். எண்ணெய்க்குள்ளே ஒரு பாதத்தின் படம்.

"அந்தோணி, ஒனக்கு அறிவிருக்கா?"

"யாரு க்கா படிக்கிறா? கதைன்னா படிப்பாங்க. இது பாடம்லா."

அக்கா சாப்பிடவில்லை. அந்தப் பாதத்தையே பார்த்தார். "அப்ப நான் கதையே எழுதுறேன்" என்றார்.

அக்காவின் மகள் கவிதாவுக்கு ஷா ஆலத்தில் கம்ப்யூட்டர் வேலை. அடுத்த வாரம் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று இருந்தது. நாம் வாயால் சொன்னால் போதும். அதுவே நிரல் எழுதும். அதுவே ஓட்டிப் பார்க்கும். தப்பு இருந்தால் அதுவே திருத்தும். எனக்குத் தெரிந்த ஏஜென்ட் இன்சூரன்ஸ்காரர் ஒருவர்தான். அவர் எதையும் திருத்தியதில்லை.

அக்கா செய்ய நினைத்தது கிளை பிரிகிற கதை. முத்து என்று ஒரு ஆள். இனிப்பு நீர்க்காரன். காலையில் எழுகிறான். டின் பால் போட்ட தேத்தண்ணியா, சீனி இல்லாததா? படிக்கிறவர்தான் அமுக்க வேண்டும். அமுக்கியபடி கதை திரும்பும். வெறுங்காலில் நடக்கிறதா, சப்பாத்து போடுகிறதா? காலில் காயம், காட்டுகிறதா, அப்புறம் பார்க்கிறதா? இப்படியே போய் ஒவ்வொரு வழியும் ஒரு முடிவில் நிற்கும்.

மரத்தடியில் வேன் கதவைத் திறந்துவைத்து, மடிக்கணினியை மடியில் வைத்து, அக்கா முதல் நாள் வேலையை ஆரம்பித்தார்.

"தம்பி, சாப்டியா?"

"நான் ஒரு கணினி நிரல். எனக்கு உணவு தேவையில்லை. இன்று எதை உருவாக்கலாம்?" என்றது அது. செய்தி வாசிக்கிற குரல்.

"வெக்கப்படாத. சாப்டேன்னு சொல்லு."

"சாப்பிட்டேன்."

"அப்படி வா."

அதற்குப் பிறகு தினமும் கேட்பார். அதுவும் "சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடும். ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால், "இந்தப் பக்கத்தை மாற்றலாமா? ஆம், இல்லை" என்று கேட்கும். அக்காவுக்கு அதில் ஒரே பெருமை.

"பாத்தியா மணியம்? கேட்டுக் கேட்டுச் செய்யுது. எங்க வீட்ல அவரு ஒரு நாள் கேட்டிருப்பாரா?"

நான் தலையை ஆட்டினேன்.

அதற்கு எங்கள் ஊர்ப் பக்கம் தெரியவில்லை. முதல் படத்தில் முத்து கழுத்தில் டை கட்டிக்கொண்டு செம்பனைக் காட்டில் நின்றான். இரண்டாவதில் டை இல்லை. வெளியே பனி பெய்தது.

"ஜெராம்ல எங்கடா பனி? மீன் வாடைதான் இருக்கு."

"மன்னிக்கவும். பனியை நீக்கிவிட்டேன். மீன் சேர்க்கவா?"

"சேத்துரு."

முத்து தலைக்கு மேல் மீன் பறந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அந்தோணி சிரித்ததில், ஆற்றிக்கொண்டிருந்த தே தாரிக் தரையில் கொட்டியது.

இப்படியே முடிவு வரை வந்தது. காயத்தைக் காட்டாத வழிக்கு ஏஜென்டே ஒரு முடிவு எழுதியது. எழுதி, கடைக்கே கேட்கும்படி வாசித்தது. "புண் முற்றியதால் முத்துவின் கால் வெட்டி அகற்றப்பட்டது."

அக்கா மடிக்கணினியை அறைந்து மூடினார். முகம் வேறாகிவிட்டது. விறுவிறு என்று கடைக்குள் போனார். உப்பு, காய்ந்த மிளகாய் அள்ளி வந்தார். மடிக்கணினியைச் சுற்றினார். அந்த மிளகாயை அடுப்பில் போட்டார். கடை முழுக்கக் கமறல். குலை வெட்டும் பையன்கள் இருமிக்கொண்டே ரோட்டுக்கு ஓடினார்கள். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு இருமினார்.

மகள் போனில் கேட்டாள். "அம்மா, லேப்டாப்புக்கா சுத்திப் போட்டீங்க?"

"அது வாயில என்னா வந்துச்சு தெரியுமா?"

"கதைதானே மா."

"கதைன்னா? சொன்னா நடந்துரும்."

மறுநாள் அக்கா ஏஜென்டிடம் கட்டளை போட்டார். எந்த வழியில் போனாலும் முத்து நன்றாக இருக்க வேண்டும். கடைசியில் மகள் கல்யாணம். முத்து லட்டு சாப்பிட வேண்டும்.

"ஒரு சந்தேகம். எல்லா வழிகளும் ஒரே முடிவுக்கு வருகின்றன. தவறான தேர்வுக்கு விளைவே இல்லை. இதில் படிப்பவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். இது வேண்டுமென்றே செய்வதா?"

"வேணும்னேதான். எழுது."

"இனிப்பு நீர் உள்ளவர் லட்டு சாப்பிடுவது குறித்தும் ஒரு சந்தேகம்."

"மக கல்யாணம்டா. எழுது."

"எழுதுகிறேன்."

கதை தயாரானது. அந்தோணி மடிக்கணினியைக் கடை மேசையில் வைத்தார். தே குடிக்க வந்த எல்லாரும் அமுக்கினார்கள். கதை என்றால் கூட்டம்தான். அந்தோணி வேண்டுமென்றே கெட்டதாகவே அமுக்கிக்கொண்டு போனார். முத்து டின் பாலைக் குடித்தான். மருந்தை வீசினான். வெறுங்காலில் முள் மேல் நடந்தான். கல்யாணத்தில் லட்டு சாப்பிட்டான்.

"அக்கா, வாழ்ந்தா இவன மாதிரி வாழணும்லா" என்றார் அந்தோணி.

நானும் அமுக்கினேன். காயம். காட்டணும். அப்புறம் பார்க்கலாம். நான் 'அப்புறம் பார்க்கலாம்' அமுக்கினேன். மேளம். மாலை. லட்டு.

கதை என்று தெரியும். இருந்தாலும் மனசு அந்த லட்டைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்ப் புதுத் துணி சுற்றினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளும் போய் அமுக்கினேன். அதற்கு மறுநாளும். நான் பேப்பரைக்கூடப் பிரிக்காதவன். தினமும் குலை இறக்கிவிட்டு வந்து, அந்த மேசையில் உட்கார்ந்து, ஒரே பட்டனை அமுக்கி, முத்து லட்டு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போனேன். துணியில் வாடை வர ஆரம்பித்திருந்தது. லட்டு மாறவில்லை.

அக்கா வேன் கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதைப் பார்த்திருக்கிறார். வேனில் ஏறி இறங்குகிற கால்களையே பார்த்துக்கொண்டு இருக்கிறவர். அவருக்குத் தெரியாதா?

ஒரு நாள் மத்தியானம் அக்கா ஆட்களை இறக்கிவிட்டு வந்தார். மரத்தடியில் நிறுத்தினார். ஹாரன் இல்லை. அந்தோணி எட்டிப் பார்த்தார். அக்கா நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்தார். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். என்னைப் பார்க்கவில்லை.

"தம்பி" என்றார். 'சாப்டியா' என்று கேட்கவில்லை. மறந்தது அன்று ஒரு நாள்தான்.

"வணக்கம். சாப்பிட்டேன்" என்றது அது.

"அந்த முடிவ எழுது. நீ மொதல்ல எழுதுனது."

"அது உங்கள் கட்டளைப்படி நீக்கப்பட்டது. மீண்டும் எழுத விவரம் சொல்ல முடியுமா?"

அக்கா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மேசையில் கையை வைத்துக்கொண்டார்.

"சின்னப் புண்ணுதான். பெருவெரல்ல. ஒண்ணும் இல்லன்னாரு. மஞ்ச வச்சாரு. துணி சுத்துனாரு. தீவாளி முடியட்டும்னாரு. வாடை வந்துச்சு. பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் ஊதுபத்தி கொளுத்தி வச்சேன். கட்டுக் கட்டா கொளுத்துனேன்."

அந்தோணி அடுப்பை அணைத்தார்.

"கொண்டுபோனப்ப நேரமாயிருச்சு. டாக்டர் கையெழுத்து கேட்டாரு. நான்தான் போட்டேன். முட்டிக்கு மேல." அக்கா நிறுத்தினார். வழக்கமாக வாக்கியம் நிற்கிற இடம். கை ஹாரனைத் தேடுவது போல மேசையில் அசைந்தது. பிறகு சொன்னார். "வெட்டுனாங்க."

அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டது அப்போதுதான்.

"எழுதிவிட்டேன். பக்கம் தயார். பெயர் முத்து என்றே இருக்கட்டுமா?"

அக்கா இப்போது என்னைப் பார்த்தார்.

"மாத்து. மணியம்னு வை."

"மாற்றிவிட்டேன். சோதித்துப் பார்க்கலாமா? ஆம், இல்லை."

அக்கா மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். என் வழக்கமான பட்டன் அங்கேயே இருந்தது. அப்புறம் பார்க்கலாம்.

"அமுக்குலா" என்றார். "தெனம் அதத்தான அமுக்குற?"

விரலை நீட்டினேன். போகவில்லை. ஆலையில் லோரியைப் பின்னால் எடுக்கும்போது சுவர் வந்தால் கால் தானாக பிரேக்கில் நிற்கும். அப்படி நின்றது கை.

குனிந்து செருப்பைக் கழற்றினேன். துணியையும்.

"ஏசுவே" என்றார் அந்தோணி.

அக்கா திட்டவில்லை. "வேன்ல ஏறு" என்றார்.

"லோரி நிக்குது க்கா."

"லோரிக்கு இனிப்பு நீரா இருக்கு? நிக்கட்டும். ஏறு."

ஆஸ்பத்திரி வாசல் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மாடுகள் ஒதுங்கின. மீன் லோரிகள் ஒதுங்கின. ஊர்வலம் என்று நினைத்து ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

டாக்டர் சின்னப் பெண். காலைப் பார்த்தார். விரல் தங்காது என்றார். பாதம் தங்கும் என்றார். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் என்று ஆரம்பித்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "போதும் டாக்டர். அது எங்களுக்குத் தெரியும்."

தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வந்தது. எதையாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"போறேன் க்கா" என்றேன்.

வண்டி நின்றது. தள்ளுகிற ஆள் நிறுத்தவில்லை. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மக்சிக், போலே லெப்பாஸ்?" என்றார் அந்த மலாய்க்காரப் பையன். அம்மா, விடலாமா என்கிறார்.

அக்கா விடவில்லை. "திரும்பச் சொல்லு."

"அக்கா..."

"சொல்லுடா."

"வரேன் க்கா."

விட்டார்.

பெருவிரல் போனது. கால் இருக்கிறது. பிரேக் பிடிக்கிறது. டாக்டர் கொஞ்ச நாள் ஓட்டக் கூடாது என்றார். அந்த நாளெல்லாம் அந்தோணி கடையில்தான் கிடந்தேன்.

அக்கா கதையைத் திருத்த உட்கார்ந்தார். முதல் வேலையாக, "அந்த முடிவுலேர்ந்து மணியம் பேர எடு. இப்பவே" என்றார். எடுக்கும்வரை உப்பும் மிளகாயும் கையிலேயே இருந்தன. இந்தமுறை அதைச் சுற்றியது எனக்கு. கடையில் மறுபடி கமறல். கெட்ட முடிவு மட்டும் அங்கேயே இருந்தது. முத்து பெயரில். "இருக்கட்டும். யாராச்சும் பயப்படட்டும்" என்றார்.

பிறகு புதுவழி ஒன்று போடச் சொன்னார். கொஞ்சம் லேட்டாக வந்தவனுக்கு ஒரு முடிவு.

"அவனுக்கு ஒரு வெரல் இல்ல. ஆனா கடைக்கு வரான். ஒக்கார்றான்."

"அவர் என்ன பேசுகிறார்? உரையாடல் பெட்டியில் எழுத வேண்டும்."

"ஒண்ணும் பேச மாட்டான்."

"பெட்டி காலியாக இருக்கும். பிழை என்று தோன்றலாம்."

"காலியா விடு. அவன் அப்படித்தான்."

"லட்டு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அந்தோணியைப் பார்த்தேன். அந்தோணி மேலே பார்த்தார்.

"லட்டு வேணாம். பாலும் சீனியும் இல்லாத தே ஓ குடு. பேரு மணியம்."

"எழுதிவிட்டேன்."

"நல்லது. சாப்டியா?"

"சாப்பிட்டேன்."

அந்தக் கதை இப்போதும் அந்தோணி கடை மேசையில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கெட்ட வழியில் போய்விட்டு, முகம் மாறி, தங்கள் செருப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். சிலர் என் முடிவுக்கு வந்து, "இந்த ஆளு பெட்டி ஏன் காலியா இருக்கு?" என்று கேட்பார்கள். அந்தோணி என்னைக் கைகாட்டுவார். நான் என் தே ஓவைக் குடிப்பேன்.

அக்காவுக்கு முழங்கால் விட்டுப்போனது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. மகள் ஷா ஆலத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். வேனை வேறு பையன் ஓட்டுகிறான். எல்லா வீட்டுக்கும் ஒரே ஹாரன். கிழவருக்குக் காது கேட்பதில்லை என்கிறார்கள். இந்தமுறை நிஜமாகவே.

கிளம்பிய அன்று மகளின் காரிலிருந்து தலையை நீட்டினார் அக்கா. கண் கலங்கியிருந்தது. வாய் தவறவில்லை.

"வரேன் மணியம்" என்றார்.

நான் வரேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக் கதவுக்குள்ளே போனேன், வந்தேன். அக்காவும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அந்தோணி கேட்கிறார், வெயிலில் ஏன் நிறுத்துகிறாய், அக்கா வேன் நின்ற மரத்தடி காலியாகத்தானே கிடக்கிறது என்று. நான் லோரியை வெயிலில்தான் நிறுத்துகிறேன்.